உரிமையும் உரிமமும்: திரைப்படக் குறியீட்டைப் பிறருக்குக் கொடுக்கலாமா?

முன்னுரை

ஒரு பொருள் தனக்கே உரியது என்பதை மனிதன் அதனைப் பயன்படுத்தும்போது உணர்கிறான். பிறருக்குக் கொடுக்கும்போது இன்னும் தெளிவாக உணர்கிறான். படித்து முடித்த நூலை நண்பனுக்குக் கொடுக்கிறோம். அளவு சிறுத்த சட்டையைத் தம்பிக்குக் கொடுக்கிறோம். அதற்காக நூலை அச்சிட்டவரிடமோ, துணியை நெய்தவரிடமோ நாம் இசைவு கேட்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய பின் அப்பொருள் நம்முடையது. அதனை வைத்துக்கொள்வதும் விற்பதும் வழங்குவதும் நம் விருப்பம். இவ்வுண்மை சந்தை தோன்றிய நாள்முதல் மக்கள் அறிந்தது.

கணினி யுகம் இந்த எளிய உண்மையையும் ஐயத்துக்கு உள்ளாக்கியுள்ளது. அமெரிக்காவில் திரைப்பட வட்டுப் பெட்டியினுள் வைக்கப்படும் ஒரு சிறு துண்டுத்தாள் நீதிமன்றம்வரை சென்று, ‘வாங்கியவன் கொடுக்கலாமா?’ என்னும் வினாவை எழுப்பிற்று. பயன்படுத்தப்படாத அக்குறியீட்டைப் பிறருக்கு வழங்குவது அந்நாட்டுச் சட்டப்படி சரியா, தவறா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துண்டுத்தாளும் குறியீடும்

அமெரிக்கக் கடைகளில் திரைப்படங்கள் பல, கூட்டுப் பெட்டியாக விற்கப்படுகின்றன. ஒரே பெட்டியில் டிவிடி வட்டும் புளூ-ரே வட்டும் இருக்கும்; உடன் ஒரு துண்டுத்தாளும் இருக்கும். அத்தாளில் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். உரிய இணையதளத்தில் தம் பெயரில் கணக்குத் தொடங்கி அக்குறியீட்டை இட்டால், அத்திரைப்படம் அக்கணக்கில் சேர்ந்துவிடும். அதன்பின் வட்டின் உதவியின்றியே கணினியிலும் கைப்பேசியிலும் படத்தைப் பார்க்கலாம். ஒருமுறை பயன்படுத்திய குறியீடு மறுமுறை பயன்படாது.

வட்டே போதும் என்று இருப்பவர் குறியீட்டைத் தொடுவதே இல்லை. ஒரே படம் இருவரிடமிருந்து பரிசாக வந்தால் ஒரு குறியீடு மிஞ்சுகிறது. இவ்வாறு மிஞ்சிய குறியீட்டை நண்பருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க நினைப்பது இயல்பே. ஆயினும் பெட்டியின் மேல், ‘குறியீடுகள் விற்பனைக்கோ மாற்றிக் கொடுப்பதற்கோ அல்ல’ என்னும் பொருளில் ஓர் அறிவிப்பு காணப்படுகிறது. இந்த அறிவிப்புக்குச் சட்ட வலிமை உண்டா? இங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் விற்பனைக் கோட்பாடு

இதனை விளங்கிக்கொள்ள நூற்றாண்டுக்கு முந்தைய வழக்கு ஒன்றை முதலில் நோக்குதல் வேண்டும். பாப்ஸ்-மெரில் என்னும் அமெரிக்கப் பதிப்பகம், ‘தி காஸ்ட்அவே’ என்னும் புதினத்தை வெளியிட்டது. அதன் விலை ஒரு டாலர் என்றும், அதனினும் குறைத்து விற்பது பதிப்புரிமையை மீறுவதாகக் கருதப்படும் என்றும் நூலிலேயே அச்சிட்டிருந்தது. நியூயார்க் நகரின் மேசீஸ் பேரங்காடி அந்நூலை 89 சென்ட்டுக்கு விற்றது. பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. 1908ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அங்காடிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நூற்படியை ஒருமுறை விற்ற பின் அப்படியின் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் ஆற்றலைப் பதிப்புரிமைச் சட்டம் பதிப்பாளருக்கு அளிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதுவே ‘முதல் விற்பனைக் கோட்பாடு’ எனப் பெயர் பெற்று, 1909ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பின்னர் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவிலும் இடம்பெற்றது. சட்டப்படி உருவாக்கப்பட்ட ஒரு படியின் உடைமையாளர், பதிப்புரிமையாளரின் இசைவின்றியே அப்படியை விற்கலாம். வேறு வகையிலும் கைமாற்றலாம் என்பது அப்பிரிவின் கருத்து. ‘வேறு வகை’ என்பதில் நன்கொடையும் அடங்கும். பழைய புத்தகக் கடைகளும் நூல்களை இரவல் தரும் நூலகங்களும் அந்நாட்டில் தழைப்பதற்கு இக்கோட்பாடே அடிப்படை. இசைப் பதிவுகளையும் கணினி மென்பொருள்களையும் வணிக நோக்கில் வாடகைக்கு விடுவதற்கு 1984, 1990 ஆகிய ஆண்டுகளில் தனித்தனியே தடைகள் விதிக்கப்பட்டன. திரைப்பட வட்டுகளுக்கு அத்தகைய தடை வரவில்லை. வாடகைக் கடைகள் எண்ணற்றவை அங்கு நடந்ததன் காரணமும் இதுவே.

மாணவர்க்குச் சுவை தரும் ஒரு நிகழ்ச்சியையும் ஈண்டுக் குறிப்பிடலாம். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற சுபாப் கீர்த்சாங் என்பவர், வெளிநாட்டில் குறைந்த விலைக்குக் கிடைத்த ஆங்கிலப் பாடநூல்களைத் தம் உறவினர் வழியாகத் தருவித்து அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி என்னும் பதிப்பகம் அவர்மேல் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் 6,00,000 டாலர் இழப்பீடு விதித்தது. ஆயினும் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வெளிநாட்டில் முறைப்படி அச்சிடப்பட்ட நூல்களுக்கும் முதல் விற்பனைக் கோட்பாடு பொருந்தும் எனக் கூறி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

அட்டையில் அச்சிட்டதெல்லாம் சட்டமாகுமா?

பொருளின் மேல் ஒரு வாசகத்தை அச்சிட்டுவிட்டால் வாங்குவோர் அதற்குக் கட்டுப்பட வேண்டுமா? கலிபோர்னியா முதலிய மேற்கு மாநிலங்களுக்குரிய ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்கு திங்கள் இடைவெளியில் இருவேறு வழக்குகளில் இருவேறு விடைகளை அளித்தது.

முதலாவது, 2010ஆம் ஆண்டில் முடிந்த வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கு. ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளின் பழைய படிகளை வாங்கி இணையத்தில் மறுவிற்பனை செய்தார் ஒருவர். அம்மென்பொருளை நிறுவனம் எவருக்கும் விற்கவில்லை, உரிமமே வழங்கியது, மாற்றிக் கொடுத்தலையும் பயன்பாட்டையும் உரிமத்தில் வெளிப்படையாகக் கட்டுப்படுத்தியது. ஆகவே முதலில் பெற்றவர் உடைமையாளர் அல்லர். உடைமையாளர் அல்லாதவரிடம் வாங்கியவர்க்கும் விற்கும் உரிமை இல்லை என நீதிமன்றம் கூறிற்று.

இரண்டாவது, 2011ஆம் ஆண்டில் முடிந்த யுஎம்ஜி எதிர் ஆகஸ்டோ வழக்கு. இசை நிறுவனம் விளம்பரத்துக்காகத் திறனாய்வாளர் முதலியோர்க்குக் குறுவட்டுகளை அனுப்பியது. அவற்றின்மேல், அவை விற்பனைக்கு அல்ல என்றும் நிறுவனத்தின் உடைமையே என்றும் அச்சிடப்பட்டிருந்தது. அவ்வட்டுகள் பல கைமாறி ஆகஸ்டோ என்பவரிடம் வந்தன. அவர் அவற்றை விற்றார். கேளாமலே அனுப்பிவிட்டு, திரும்பக் கேட்கவும் வழிசெய்யாத நிறுவனம் அவ்வட்டுகளின் உடைமையையே கைமாற்றிவிட்டது. மேலே ஒட்டிய வாசகத்தால் உரிம ஒப்பந்தம் உண்டாகிவிடாது என்பது தீர்ப்பு.

இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தடைச்சொல் அச்சிடப்பட்டிருப்பது மட்டும் போதாது; பெற்றவர் அதற்கு உடன்பட்டாரா, அவர் பெற்றது பொருளா அன்றி இசைவா என்பனவே வழக்கைத் தீர்மானிக்கின்றன.

டிஸ்னியும் ரெட்பாக்ஸும்

இப்பின்னணியில்தான் திரைப்படக் குறியீட்டு வழக்கு எழுந்தது. ரெட்பாக்ஸ் என்னும் நிறுவனம், கடை வாயில்களில் நிறுத்திய சிவப்பு நிறத் தானியங்கிப் பெட்டிகள் வாயிலாகத் திரைப்பட வட்டுகளை வாடகைக்கு விட்டது. டிஸ்னி நிறுவனத்தோடு அதற்கு வழங்கல் ஒப்பந்தம் இல்லை. எனவே ஏனைய வாடிக்கையாளரைப் போலவே கடைகளில் டிஸ்னியின் கூட்டுப் பெட்டிகளை விலை கொடுத்து வாங்கியது. பெட்டியைப் பிரித்து வட்டுகளை வாடகைக்கு விட்டது. குறியீட்டுத் தாள்களைத் தனியே விற்றது. 2017 நவம்பர் இறுதியில் டிஸ்னி கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இடைக்காலத் தடையாணை கோரிற்று.

2018 பிப்ரவரியில் நீதிபதி டீன் பிரகர்சன் அக்கோரிக்கையை மறுத்தார். அவர் கூறிய காரணங்கள் இரண்டு.

ஒன்று, பெட்டியின் மேலிருந்த வாசகம் ஒப்பந்தம் ஆகாது. அதே பெட்டியில், வட்டைத் தனியே மறுவிற்பனை செய்யவோ வாடகைக்கு விடவோ கூடாது என்னும் பொருளிலும் ஒரு வாசகம் இருந்தது. சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கும் செயலை அவ்வாசகம் மறுக்கிறது. அது எவரையும் கட்டுப்படுத்தாது. அதனருகில் நிற்கும் குறியீட்டு வாசகம் மட்டும் கட்டுப்படுத்தும் என்று வாங்குவோர் எங்ஙனம் அறிவர்?

மற்றொன்று, குறியீட்டை இடும் இணையதளத்தின் நிபந்தனை. குறியீட்டை இடுபவர், அக்குறியீட்டோடு வந்த வட்டின் உடைமையாளராகத் தாம் இப்போதும் இருப்பதாக உறுதி கூற வேண்டும் என்று அது கேட்டது. இதன் விளைவு யாது? வட்டை நண்பருக்குக் கொடுத்துவிட்டவர், தாம் பணம் கொடுத்துப் பெற்ற குறியீட்டைப் பயன்படுத்த இயலாது. வட்டைக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தந்துள்ளது. குறியீட்டின் வழியே கிடைக்கும் திரைப்படத்தின் மேலுள்ள பதிப்புரிமையைக் கருவியாகக் கொண்டு அவ்வுரிமையைப் பறிக்க முயல்வது பதிப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்றார் நீதிபதி.

எனினும் ரெட்பாக்ஸின் வாதம் அனைத்தையும் அவர் ஏற்கவில்லை. குறியீட்டுக்கு முதல் விற்பனைக் கோட்பாடு பொருந்தும் என்ற வாதத்தைத் தள்ளினார். அக்கோட்பாடு ‘குறிப்பிட்ட ஒரு படி’ பற்றியது. துண்டுத்தாள் விற்கப்படும் வேளையில் திரைப்படத்தின் படி எதுவும் அதில் இல்லை. குறியீட்டை இட்டுப் படத்தைத் தருவிக்கும்போதுதான் படி உருவாகிறது. இல்லாத படியைக் கைமாற்ற இயலாது. பின்னாளில் வழக்கின் போக்கை மாற்றிய கருத்து இதுவேயாம்.

ஆறு திங்களில் மாறிய நிலை

தோல்வியுற்ற டிஸ்னி தன் நிபந்தனைகளைத் திருத்தி எழுதியது. வட்டு யாரிடம் இருந்தாலும் குறியீட்டைப் பயன்படுத்தலாம் என்று இணையதளத்தை மாற்றியது. குறியீட்டைப் பயன்படுத்துமுன் உரிம நிபந்தனைகளை ஏற்க வேண்டும் என்றும், பெட்டியைப் பெற்றவரோ அவருடைய குடும்பத்தினரோ மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம் என்றும், தனியே விற்கப்பட்ட குறியீடு செல்லாது என்றும் பெட்டியின் மேலேயே தெளிவாக அச்சிட்டது.

2018 ஆகஸ்டில் அதே நீதிபதி, புதிய பெட்டிகளைப் பொறுத்தவரை டிஸ்னி கேட்ட தடையாணையை வழங்கினார். நிபந்தனை இப்போது தெளிவாக உள்ளது. வட்டைக் கொடுக்கும் உரிமையில் அது தலையிடவில்லை. எனவே தனியே வாங்கிய குறியீட்டை இடுபவர் தம் உரிமத்தின் எல்லையைக் கடந்து படி எடுக்கிறார். அதற்கு ரெட்பாக்ஸ் துணைபோகிறது என்பது அவர் கண்ட முடிபு. இரு தரப்பினரும் 2019ஆம் ஆண்டு சமரசம் செய்துகொண்டதால் இவ்வழக்கில் முழு விசாரணைக்குப் பிந்தைய இறுதித் தீர்ப்பு எழவில்லை. ரெட்பாக்ஸ் நிறுவனமும் 2024ஆம் ஆண்டு நொடித்து மூடப்பட்டது.

ஒரே நீதிபதி, ஒரே வழக்கு, ஒரே துண்டுத்தாள். ஆயினும் ஆறு திங்களில் முடிபு மாறிற்று. மாறியது சட்டமன்று, பெட்டியின் மேலும் இணையதளத்திலும் இருந்த சில வரிகளே. சொல்லின் ஆற்றலை அறிந்த தமிழ் மாணவர் இதனை ஊன்றி நோக்குதல் நன்று.

இலவசம் காப்பாகுமா?

‘ரெட்பாக்ஸ் பணத்துக்கு விற்றது, நான் இலவசமாகத்தானே கொடுக்கிறேன்?’ என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயின் அதற்குரிய விடையை இரண்டாகப் பிரித்துக் காணல் வேண்டும்.

கொடுப்பவர் நிலையில் நோக்கினால், ஒரு தாளை நண்பர் கையில் தருவதால் திரைப்படத்தின் படி உருவாவதில்லை. எனவே தாளைக் கொடுக்கும் செயல் மட்டும் பதிப்புரிமை மீறல் ஆகாது. பெறுபவர் நிலையில் நோக்கினால், அவர் குறியீட்டை இடுமுன் நிபந்தனைகளுக்கு உடன்படுகிறார். ‘பெட்டியைப் பெற்றவர் நானே, அல்லது அவருடைய குடும்பத்தினர்’ என்னும் நிபந்தனைக்கு அவர் பொருந்தாராயின், பொய்யுறுதி தந்தவர் ஆகிறார். உரிமமின்றிப் படி எடுத்தவராகவும் கருதப்படலாம். அன்பினால் கொடுத்தவர் அறியாமலே நண்பரை இந்நிலையில் நிறுத்திவிடுகிறார். பணம் பெறவில்லை என்பது இழப்பீட்டின் அளவைப் பேசும்போது பயன்படலாம். உரிமத்தில் இல்லாத உரிமையை அது உண்டாக்காது.

‘என்னிடமிருந்து நீக்கிவிட்டுத்தான் கொடுத்தேன்’ என்ற வாதமும் எடுபடவில்லை. வாங்கிய இசைக்கோப்பைத் தம் கணினியிலிருந்து நீக்கி மற்றவருக்கு விற்க வழிசெய்த ரீடிஜி என்னும் நிறுவனத்தின்மேல் கேபிடல் ரெக்கார்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. கோப்பு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது புதிய படி ஒன்று உண்டாகிறது; முதற்படி அழிந்தாலும் அது படியெடுத்தலே என்று 2018 டிசம்பரில் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ 2012இல் மென்பொருள் மறுவிற்பனைக்கு இடமளித்து, 2019இல் மின்னூல் மறுவிற்பனைக்கு இடமில்லை என்றது. பொருளுலகின் விதியைக் குறியீட்டுலகில் அப்படியே பொருத்த நீதிமன்றங்கள் தயங்குவது இதனால் விளங்கும்.

செய்யத் தக்கது யாது?

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் நெறிகள் சிலவற்றை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, குறியீட்டை மட்டும் பிரித்துக் கொடாமல் பெட்டியை முழுமையாகக் கொடுப்பதே சிறந்த வழி. வட்டைக் கொடுக்கும் உரிமையைச் சட்டமே தருகிறது. பெட்டியைப் பெற்றவர் என்னும் தகுதியும் அதனோடு நண்பரைச் சென்றடைகிறது.

இரண்டாவது, குடும்பத்தினருக்குக் கொடுப்பதை டிஸ்னியின் திருத்திய நிபந்தனையே ஏற்கிறது. தந்தை வாங்கிய பெட்டியின் குறியீட்டை மகள் இடுவதில் குற்றமில்லை.

மூன்றாவது, நிறுவனந்தோறும் நிபந்தனை வேறுபடும். ஒரே நிறுவனத்தின் நிபந்தனையும் ஆண்டுதோறும் மாறக்கூடும். ஆகவே கையிலுள்ள பெட்டியின் வாசகத்தைப் படித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

நான்காவது, வட்டுகளை இரவல் தரும் நூலகங்களும் பொது அமைப்புகளும் தனியாளினும் மிகுந்த கவனத்துடன் இருத்தல் தகும். பல குறியீடுகளைப் பிரித்துப் பலருக்கு வழங்கினால், பணம் பெறாவிடினும் அச்செயல் ரெட்பாக்ஸ் செய்ததற்கு அண்மையில் சென்றுவிடும்.

முடிவுரை

தமிழில் உரிமை என்பதற்கும் உரிமம் என்பதற்கும் எழுத்தளவில் வேறுபாடு சிறிது, பொருளளவில் பெரிது. உரிமை நம்மிடம் நிலைப்பது. உரிமம் பிறர் தந்து நாம் பெறுவது, தந்தவர் வகுத்த எல்லைக்குள் நிற்பது. வட்டின்மேல் வாங்கியவர்க்கு உரிமை உண்டு. குறியீட்டின் வழியே அவர் பெறுவது உரிமம். இவ்வேறுபாட்டை மறைத்து ‘வாங்குக’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் விற்றதே குழப்பத்துக்குக் காரணம்.

கலிபோர்னியா மாநிலம் 2024ஆம் ஆண்டு இயற்றி, 2025 சனவரி முதல் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் இக்குழப்பத்தை ஓரளவு நீக்க முயல்கிறது. கொடுப்பது உரிமமே எனத் தெளிவாக அறிவிக்காமல், திரைப்படம், இசை, மின்னூல் போன்ற எண்மப் பொருள்களை ‘வாங்குக’ என்னும் சொல்லால் விற்பதை அது தடுக்கிறது. இது கொடுக்கும் உரிமையை மீட்டுத் தரவில்லை. எதனைப் பெறுகிறோம் என்பதை அறியும் உரிமையைத் தருகிறது.

1908இல் ஒரு நூலின் விலை குறித்து எழுந்த வினாவும், 2018இல் ஒரு துண்டுத்தாள் குறித்து எழுந்த வினாவும் ஒன்றே: விற்றவரின் கை எவ்வளவு தூரம் நீளலாம்? நூலைப் பொறுத்தவரை அக்கை கடைவாயிலோடு நின்றது. குறியீட்டைப் பொறுத்தவரை அது வாங்கியவர் வீட்டினுள்ளும் வந்து, அவர் எவருக்குக் கொடுக்கலாம் என வரையறுக்கிறது. நாளை நம் நூல்களும் பாடல்களும் படங்களும் பெரும்பாலும் குறியீடுகளாகவே நம்மை வந்தடையும். தந்தை சேர்த்த நூல்களை மகன் பெறுவதும், ஆசிரியர் தம் நூலை மாணவருக்கு ஈவதும் அந்நாளிலும் இயல வேண்டுமாயின், வாங்கும்போதே ‘இது உரிமையா, உரிமமா?’ என்று கேட்கும் பழக்கம் இன்றே நமக்கு வாய்த்தல் வேண்டும்.